வளர்ந்துகொண்டே போன கால்

புகார்க் கடிதத்தை எழுதிய பயணி நல்ல படிப்பாளியாக இருக்க வேண்டும். ஒரு பிழை இல்லை. "இந்த ரயில் நிலையத்தில் பல வருடங்களாகத் தெளிவான இனிய குரலில் அறிவிப்புச் செய்துவந்த பெண்மணியை எடுத்துவிட்டு, தொண்டை கட்டிய ஆண் ஒருவரை நியமித்திருப்பதன் காரணம் என்ன?" என்று கேட்டிருந்தார்.

நிலைய மேலாளர் அதை அந்தப் பெண்மணியிடமே நீட்டினார். நீட்டிவிட்டு, மேசைமேல் இருந்த குண்டூசி டப்பாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது வருடமாக அறிவிப்பு அறையில் உட்கார்ந்திருந்தவள் அவள். உடன் வேலை பார்ப்பவர்களுக்கு மைக்கம்மா. கழிவறையில் பார்த்தாலும், சம்பள நாளில் பார்த்தாலும் மைக்கம்மாதான். வயது நாற்பத்து நான்கு. குரல் தடித்துப்போனது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. இரண்டு வருடமாகவே வீட்டு ஃபோனை எடுத்து "ஹலோ" என்றால், "சார், அம்மா இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள்.

"கொஞ்ச நாள் விசாரணை கவுன்டர்ல உட்காருங்க. தொண்டை சரியாகட்டும்" என்றார் மேலாளர்.

"தொண்டை நல்லாத்தான் சார் இருக்கு. ரெண்டு தடவை குழாய் விட்டுப் பார்த்துட்டாங்க."

"அப்ப குரல் ஏன் இப்படி?"

"அதைத்தான் நானும் எல்லார்கிட்டயும் கேட்டுட்டு இருக்கேன்."

அவள் சொன்னது மிகையில்லை. குறட்டைக்கு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தாள். நாக்கு பெருத்திருக்கிறது, உடம்பைக் குறையுங்கள் என்றார். கீழ்ப் பற்களுக்கு நடுவே அரிசி நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தபோது பல் டாக்டரைப் பார்த்தாள். கம்பி போடலாம் என்றார். விரல்கள் மரத்துப்போய் டீ கிளாஸ் கைநழுவியபோது எலும்பு டாக்டர் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று கத்தி வைத்தார். மூன்று மாதத்தில் மற்றக் கை மரத்தது. மாதவிலக்கு நாற்பத்தொரு வயதிலேயே நின்றபோது குடும்ப டாக்டர், "சிலருக்குச் சீக்கிரம் நின்னுடும்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

சர்க்கரை டாக்டரிடம் பட்டதுதான் அவளால் மறக்க முடியாதது. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, வேகவைத்த காய்கறியோடு நான்கு மாதம் ஓட்டிவிட்டுப் போனாள். சர்க்கரை இறங்கவில்லை, ஏறியிருந்தது. டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார்.

"வீட்ல யாருக்கும் தெரியாம சாப்பிடறீங்களா?"

"இல்ல சார்."

"எல்லாரும் இல்லன்னுதான் சொல்வாங்க."

அன்று பேருந்தில் திரும்பும்போது, பக்கத்தில் இருந்தவர் பயந்து எழுந்து போகும் அளவுக்குத் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள்.

இத்தனைக்கும் நடுவில் வியர்வை. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் கழுத்திலிருந்து வழியும். முகமும் மாறிக்கொண்டே வந்தது. மூக்கு அகன்றது, தாடை முன்னால் வந்தது, புருவத்துக்கு மேலே எலும்பு புடைத்தது. மாடி வீட்டில் இருக்கும் நாத்தனார் ஒருநாள், "அண்ணி, வர வர நீங்க எங்க அண்ணன் ஜாடைக்கு வந்துட்டீங்க. கல்யாணம் ஆகி ரொம்ப நாள் ஆனா அப்படித்தானாம்" என்றாள். அவள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். மைக்கம்மாவுக்கு அவள் தலையில் எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது.

மைக்கை விட்டு இறக்கிய அந்த வாரமே ஷூ கேட்டு ஸ்டோருக்குப் போனாள்.

நிலையத்தின் பின்புறம், பார்சல் அலுவலகத்தைத் தாண்டினால் சீருடை ஸ்டோர். சட்டை, தொப்பி, ஷூ, மழைக்கோட்டு எல்லாம் அங்கேதான். கம்பி வலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சட்டம். ஒரு பொத்தான் வேண்டுமென்றாலும் பழைய பொத்தானைக் கொண்டுவரச் சொல்பவர். அவருக்குக் கம்ப்யூட்டர் கொடுத்து நான்கு வருடம் ஆயிற்று. அதன்மேல் துணியைப் போர்த்தி மூடிவைத்துவிட்டு, தடித்த ரெஜிஸ்டரில்தான் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன சைஸ்?"

"ஒன்பது."

சட்டம் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து, நிமிர்ந்தார்.

"போன தடவை எட்டு வாங்கியிருக்கீங்க."

"எட்டு பத்தல சார். பெருவிரல் நகம் செத்துப்போச்சு."

"அதுக்கு முன்னாடி ஏழு."

"சார், க்யூ நிக்குது."

"நிக்கட்டும். ஊழியர் உபயோகத்துக்கு மட்டும்தான் ஷூ. வீட்டுக்காரருக்கு, அண்ணன் தம்பிக்கு எல்லாம் வாங்க முடியாது."

அவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. டாக்டர்களிடம் கேட்க முடியாமல் விழுங்கிய வார்த்தைகளெல்லாம் இந்தக் கம்பி வலைக்கு முன்னால் வந்து நின்றன. காலிலிருந்து ஷூவைக் கழற்றினாள். சாக்ஸையும் உருவினாள். அகன்று, பருத்து, நகம் கறுத்திருந்த பாதத்தைத் தூக்கி ஜன்னல் திட்டின்மேல் வைத்தாள். பின்னால் நின்ற சிக்னல்காரர் ஒருவர் இரண்டடி நகர்ந்துகொண்டார்.

"இது யார் கால் சார்? என் வீட்டுக்காரர் காலா? பாருங்க, நல்லா பாருங்க. திருடி வச்சிருக்கேனா?"

சட்டம் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு ரெஜிஸ்டரைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து இன்னும் இரண்டு பழைய ரெஜிஸ்டர்களை எடுத்துத் தூசி தட்டினார். அவசரமே படாமல் ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரு துண்டுத் தாளில் எழுதத் தொடங்கினார். அவள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"வேலைக்குச் சேர்ந்தப்ப அஞ்சு. ரெண்டு வருஷம் கழிச்சு அஞ்சு. அப்புறமும் அஞ்சு. அஞ்சு. பதினோரு வருஷம் முன்னாடி ஆறு. அப்புறம் ஆறு. ஏழு. ஏழு. எட்டு." பென்சிலால் காதைச் சொறிந்துகொண்டார். "தொப்பி ரெண்டு தடவை மாத்தியிருக்கீங்க. இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு, இப்ப இருபத்திமூணு. பெரியவங்களுக்குத் தலை எப்படிங்க வளரும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே கொடுத்தீங்க!"

"நான் கொடுத்தேன். ரெஜிஸ்டர்ல தப்பில்ல. ஒவ்வொண்ணுக்கும் உங்க கையெழுத்து இருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது. "தப்பு ரெஜிஸ்டர்ல இல்லேன்னா கால்லதாம்மா இருக்கணும். பெரியாஸ்பத்திரில ஹார்மோன் டாக்டர்னு ஒருத்தங்க இருக்காங்க. என் அக்காவுக்கு தைராய்டுன்னு அங்கதான் போனோம். வளர்றது, நிக்கிறது எல்லாம் அவங்க டிபார்ட்மென்ட்தான். காட்டுங்க."

ஒன்பதாம் அளவு ஷூவையும், அந்தத் துண்டுத் தாளையும் கொடுத்து, இரண்டுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகக் குடும்ப டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அவள் அந்தத் தாளை அவர் மேசையில் வைத்தாள். அவர் கையில்கூட எடுக்கவில்லை.

"ஷூ சைஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்மா. உடம்பு போட்டா காலும் போடும்."

"எல்லாம் ஒரே கம்பெனி ஷூதான் டாக்டர்."

"உங்களுக்குக் கவலை அதிகம். தூக்கத்துக்கு ஒண்ணு எழுதித் தரேன்."

"எனக்குத் தூக்க மாத்திரை வேணாம். கடிதம் வேணும்."

"எதுக்குன்னு எழுதறது? கால் வளருதுன்னா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். உங்களைப் பார்த்து வேணாம், என்னைப் பார்த்தே சிரிக்கட்டும். எழுதுங்க."

வெளியே பதினேழு பேர் காத்திருந்தார்கள். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப்போவதில்லை என்பது புரிந்ததும் டாக்டர் எழுதினார். மூன்றே வரி. கடைசி வரி, 'நோயாளியின் வற்புறுத்தலின்பேரில்.'

ஹார்மோன் பிரிவில் நாள் கிடைக்க ஏழு வாரம் ஆனது. அதற்குள் ஒருமுறை அவர்களே தள்ளிப்போட்டார்கள். அந்த ஏழு வாரமும் விசாரணை கவுன்டரில் உட்கார்ந்து, எந்த ரயில் எந்த நடைமேடை என்று கண்ணாடித் துளை வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் ஒலிபெருக்கியில் வேறு ஒருத்தி ஊர்ப் பெயர்களை விழுங்கி விழுங்கி அறிவிப்பதைக் கேட்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். பல் கடிக்கவும் முன்போல் முடியவில்லை. மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேரவில்லை.

லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் அதிகம் பேசாத ஆள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில் அவனும் லீவு போட்டுவிட்டு வந்தான். பேருந்தில் அவள் அந்தத் துண்டுத் தாளை அவனிடம் காட்டினாள். அதைப் படித்துவிட்டுச் சொன்னான்:

"உன் கை பெருசாயிட்டே வந்ததை நான் பார்த்தேன். மோதிரத்தைக் கட்டர் வச்சு நான்தானே வெட்டி எடுத்தேன்."

"பார்த்தீங்கல்ல? சொல்றதுக்கென்ன?"

"சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு..."

"ஊரே சொல்லுது! உங்க தங்கச்சி சொல்றா, ரயில்ல போறவன் கடிதாசி போட்டுச் சொல்றான். நீங்க மட்டும் என் மனசைக் காப்பாத்திட்டு உட்கார்ந்திருந்தீங்களாக்கும்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் தாளைப் பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஹார்மோன் டாக்டர் கட்டைகுட்டையான பெண். இவளைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கலாம். கடிதத்தைப் படித்தார். 'வற்புறுத்தலின்பேரில்' என்ற இடத்தில் அவர் உதடு கோணியது. பிறகு கேள்விகூடக் கேட்காமல் மைக்கம்மாவின் வலது கையை எடுத்துத் தன் இரு கைக்குள் வைத்து, மாவைப் பார்ப்பதுபோல அழுத்திப் பார்த்தார்.

"மோதிரம்?"

"வெட்டியாச்சு."

"வியர்வை? குறட்டை? விரல் மரத்துப்போறது? சர்க்கரை?"

அவர் கேட்கக் கேட்க அவள் "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஐந்து டாக்டர்கள் ஐந்து கோப்பில் தனித்தனியாக எழுதியதை, பார்க்காமலேயே ஒருவர் வரிசையாகச் சொல்லும்போது சந்தோஷம் வரவில்லை. எரிந்துகொண்டு வந்தது.

டாக்டர் எதிரே உட்கார்ந்து, "என் மூக்கையே பாருங்க" என்று சொல்லிவிட்டு, தன் இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து விரல்களை ஆட்டினார். "எப்ப விரல் தெரியுதோ அப்ப சொல்லுங்க." விரல்கள் முகத்துக்குப் பாதி தூரம் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தன. பின்னால் நின்ற கணவன், "கதவு நிலையில அடிக்கடி தோளை இடிச்சுப்பா" என்றான். தயங்கித்தான் சொன்னான். "கவனம் இல்லன்னு நான்கூட திட்டியிருக்கேன்."

அந்தத் துண்டுத் தாளை டாக்டர் இரண்டு தடவை படித்தார்.

"இதை எழுதினது யாரு?"

"ஸ்டோர்காரர். நான் ஷூ திருடறேன்னு நினைச்சு எழுதினது."

"இதோட ஒரு நகல் எனக்கு வேணும்" என்றார் டாக்டர். "சந்தேகம் இருக்கு. ஆனா ரத்தம் பார்க்காம சொல்லமாட்டேன்."

ரத்தம் எடுத்தார்கள். எட்டு நாள் கழித்துப் போனால் மாதிரி உறைந்துவிட்டது, திரும்பக் கொடுக்க வேண்டும் என்றார்கள். திரும்பக் கொடுத்தாள். அதில் ஹார்மோன் எண் கூடுதலாக வந்தது. அது போதாது, இன்னொரு பரிசோதனை இருக்கிறது என்று வெறும் வயிற்றில் வரச்சொல்லி, ஒரு டம்ளர் சர்க்கரைக் கரைசலைக் கையில் கொடுத்தார்கள். அவள் சிரித்துவிட்டாள். நான்கு மாதம் ஒரு மிட்டாயைத் தொடாமல் இருந்ததற்குத் திருட்டுப் பட்டம் கட்டினார்கள். இப்போது நர்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டு, "முழுசா குடிங்க, மிச்சம் வைக்கக்கூடாது" என்கிறாள். குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அரை மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுக்க ஊசி.

"சர்க்கரை உள்ள போனா, வளர்ச்சி ஹார்மோன் இறங்கணும். எல்லாருக்கும் இறங்கும்" என்று டாக்டர் அடுத்த வாரம் விளக்கினார். "உங்களுக்கு இறங்கல. அது யார் சொல்றதையும் கேக்கிற நிலைமைல இல்ல."

பிறகு தலையைக் குழாய்க்குள் வைத்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். படத்தைத் திரையில் போட்டு, மூக்குக்குப் பின்னால், மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கே போகும் இடத்துக்குக் கீழே பென்சில் முனையை வைத்தார் டாக்டர்.

"இதுக்குப் பேர் பிட்யூட்டரி. பட்டாணி அளவுதான் இருக்கணும். உங்களுக்கு இதுல ஒரு கட்டி. பதினாலு மில்லிமீட்டர். புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க."

"பட்டாணிக்கும் என் காலுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?"

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"ரயில் அறிவிப்பு. பார்த்துட்டிருந்தேன்."

"அப்ப சுலபமா சொல்லிடலாம். நீங்க மைக்ல சொன்னா ஸ்டேஷன் பூரா கேக்குது. ஆனா அந்த ரயிலுக்கு டிக்கெட் வச்சிருக்கறவங்க மட்டும்தான் எழுந்திரிப்பாங்க. ஹார்மோனும் அப்படித்தான். ஒரு சுரப்பி ரத்தத்துல விடும், அது உடம்பு பூரா போகும். அதை வாங்கிக்கிற அமைப்பு எந்த செல்லுல இருக்கோ அது மட்டும் வேலை செய்யும். தைராய்டு எவ்வளவு சுரக்கணும், சிறுநீரகத்து மேல இருக்கற அட்ரினல் எவ்வளவு சுரக்கணும், சினைப்பை எப்ப வேலை செய்யணும், எல்லாத்துக்கும் இந்தப் பட்டாணிதான் ஆள் அனுப்பும். அங்கிருந்து 'போதும்'னு பதில் வந்தா நிறுத்திக்கும். உங்க கட்டி அந்தப் பதிலைக் கேக்கறதில்ல. வளர்ச்சி ஹார்மோனை விட்டுக்கிட்டே இருக்கு. அந்த ஹார்மோனுக்கு டிக்கெட் இல்லாத இடம் உடம்புல ரொம்பக் குறைவு. எலும்பு, தோல், நாக்கு, குரல்வளை, வியர்வைச் சுரப்பி."

"சர்க்கரை?"

"இன்சுலின் சர்க்கரையை செல்லுக்குள்ள அனுப்பப் பார்க்கும். இது குறுக்க நின்னு மறிக்கும். நீங்க என்ன பத்தியம் இருந்தாலும் இறங்கியிருக்காது."

"மாசம் நின்னது?"

"கட்டி பக்கத்துல இருக்கற நல்ல செல்லை நசுக்குது. சினைப்பைக்குப் போற உத்தரவு போகல."

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. டாக்டர் டிஷ்யூ பேப்பரை நீட்டி, "பயமா இருக்கா?" என்றார்.

"பயமில்ல. கோவம்" என்றாள் மைக்கம்மா. மூக்கைச் சிந்தினாள். "பதினோரு வருஷம் டாக்டர். கையை அறுத்தாங்க. உடம்பைக் குறைன்னாங்க. திருடித் தின்னேன்னாங்க. ஒருத்தராவது என்னை முழுசா பார்க்கல."

டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

அறுவை சிகிச்சையை மூக்குத் துவாரம் வழியாகச் செய்தார்கள். மண்டையைத் திறக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் கணவன் விட்ட பெருமூச்சு வார்டு முழுக்கக் கேட்டது. கண் விழித்தபோது மூக்கு முழுக்கப் பஞ்சு. வாயால்தான் மூச்சு. அன்றிரவே தாகம் பிடித்துக்கொண்டது. சாதாரணத் தாகமில்லை. ஜக்கு ஜக்காகக் குடித்தாள், ஜக்கு ஜக்காகவே போனது. நர்ஸ் உள்ளே போன தண்ணீரையும் வெளியே வந்ததையும் அளவு ஜாடியில் பிடித்து எழுதினாள். தண்ணீரைப் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோனும் அந்தப் பட்டாணியின் பின்பக்கத்திலிருந்துதான் வருகிறதாம். கத்தி பட்ட அதிர்ச்சியில் அது கொஞ்ச நாள் படுத்துவிட்டது.

"இதுவும் அங்கிருந்துதானா? இன்னும் என்னதான் பாக்கி?" என்று பஞ்சடைத்த மூக்கோடு கேட்டாள்.

"காலைல எழுந்திருக்கத் தெம்பு கொடுக்கற கார்டிசால் ஒண்ணு இருக்கு. அதுக்கும் கொஞ்ச நாள் மாத்திரை போடணும்" என்றாள் நர்ஸ். "காய்ச்சல், வாந்தி வந்தா ரெண்டு மடங்கு போடணும். மறந்துட்டா மயங்கி விழுந்துடுவீங்க."

தாகம் நான்காம் நாள் அடங்கியது. அதற்கப்புறம் நடந்தது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. முதல் வாரத்திலேயே விரல்கள் வற்றின. வியர்வை நின்றது. மின்விசிறியைக் குறைக்கச் சொன்னாள். சர்க்கரை மாத்திரை மூன்றிலிருந்து ஒன்றாகி, ஒன்றும் தேவையில்லை என்றானது. பக்கவாட்டில் வருகிறவர்கள் திடீரென்று முளைக்காமல், வருவதுபோலவே வந்தார்கள். குறட்டை தாங்காமல் ஹாலில் படுத்துக்கொண்டிருந்த கணவன் தலையணையோடு அறைக்குத் திரும்பி வந்தான்.

தாடை மட்டும் அப்படியே இருந்தது. புருவ எலும்பு அப்படியே இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "சதை வத்தும். வளர்ந்த எலும்பு திரும்பாது. குரலும் பழையபடி முழுசா வருமான்னு சொல்ல முடியாது. கண் நரம்போட பக்கத்துல கட்டியோட ஒரு துணுக்கு ஒட்டியிருக்கு, அதை எடுத்தா ஆபத்து. எண் இன்னும் கொஞ்சம் மேலதான் இருக்கு. மாசம் ஒரு ஊசி போடணும்."

"எத்தனை மாசம்?"

"இப்போதைக்கு கணக்கு வைக்காதீங்க."

அன்று மாலையே குடும்ப டாக்டரிடம் போனாள். யாரும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதே அவருக்காக ஒரு நீண்ட பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாள். எந்த இடத்தில் குரலை உயர்த்துவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுவரை ஒத்திகை பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரி அறிக்கையை மேசையில் வைத்தாள். இந்தத் தடவை அவர் எடுத்துப் படித்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். திரும்ப முதல் பக்கம்.

"இது லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற நோய்" என்றார்.

"நான் அந்த ஒருத்தி. உங்க முன்னாடிதான் உட்கார்ந்திருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. "நான் பார்க்கத் தவறிட்டேம்மா. மாசாமாசம் பார்த்ததால முகம் மாறினது எனக்குத் தெரியல. கடிதம்கூட... அந்தக் கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது."

அவ்வளவுதான். அவர் சண்டைக்கு நின்றிருந்தால் அவளுக்குப் பேச்சு வந்திருக்கும். ஒத்துக்கொண்ட மனிதரிடம் எதைப் பேசுவது? ஒத்திகை பார்த்த வரிகளில் ஒன்றுகூட நாக்கில் வரவில்லை. "இன்னொருத்தி வந்தா காலைப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வாசலுக்கு வந்த பிறகு, நன்றாக நான்கு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. வீடு வரைக்கும் அந்த ஆத்திரம் கூடவே வந்தது.

அடுத்த திங்கட்கிழமை நிலைய மேலாளர் முன்னால் நின்றாள்.

"மைக்குக்குத் திரும்பணும் சார்."

"குரல் அப்படியேதானே இருக்கு?"

"அப்படியேதான் இருக்கும். இனிமே இதுதான் என் குரல். ஊர்ப் பேரை ஒழுங்கா சொல்றேனா, நேரத்தைத் தப்பில்லாம சொல்றேனா, அதைப் பாருங்க. நேத்து ரெண்டாவது நடைமேடைன்னு சொல்ல வேண்டியதை மூணுன்னு சொல்லி, எழுபது பேர் படி ஏறி இறங்கினாங்க. அவங்களுக்கு இனிமையான குரலால என்ன பிரயோஜனம்?"

மேலாளருக்கு அந்த எழுபது பேரைப் பற்றி ஏற்கெனவே மேலிடத்திலிருந்து ஃபோன் வந்திருந்தது. "தற்காலிகமா காலை ஷிஃப்ட் மட்டும் பாருங்க" என்றார். தற்காலிகமாக என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

அறிவிப்பு அறையில் நாற்காலியை யாரோ உயர்த்தி வைத்திருந்தார்கள். இறக்கும் கைப்பிடி உடைந்துபோயிருந்தது. நுனியில் உட்கார்ந்தபடியே அட்டவணையை இழுத்துவைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். எட்டு நாற்பது வண்டி, இருபத்தைந்து நிமிடம் தாமதமாக, இரண்டாவது நடைமேடைக்கு வந்துசேரும். குரல் தடித்துத்தான் வந்தது. நின்றுகொண்டிருந்த சரக்கு வண்டியின் இரைச்சலுக்கு மேலாகத் தெளிவாகக் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தாள். முதல் நடைமேடையில் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு மேம்பாலப் படியை நோக்கி நடந்தார்கள். யாரும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்க்கவில்லை.

அடுத்த வண்டிக்குப் பதினொரு நிமிடம் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டாள். வியாழக்கிழமை போட வேண்டிய ஊசி இன்னும் வந்துசேரவில்லை, மறுபடி கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள் என்று குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்கள். இசை ஓடியது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்றது ஒரு தேன் குரல்.

"முக்கியம்னா எடுத்துப் பேசுடி" என்றாள் மைக்கம்மா. ஃபோனைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அடுத்த வண்டியின் வரியை அட்டவணையில் தேடத் தொடங்கினாள்.